வேட்டையைக் கெடுத்த குட்டி

பிப்ரவரியில் குஜராத்தின் கிர் காட்டுத் தேக்குச் சருகு அப்பளம்போல நொறுங்கும். மனிதன் கால் வைத்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெண் சிங்கம் ஒன்று அந்தச் சருகின்மேல் ஓசையில்லாமல் நடந்துபோவதை ஜீப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னங்காலைத் தூக்கி ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்தியது. பிறகு பாதத்தைப் பதித்து, உடம்பின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் இறக்கியது. பின்னங்கால் ஏறக்குறைய அதே தடத்தில் வந்து விழுந்தது. தலை தோளுக்குக் கீழே இருந்தது. எதிரே, வறண்ட ஓடைக்கு அப்பால், ஏழெட்டுப் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

பெண் சிங்கத்துக்குப் பின்னால் மூன்று குட்டிகள். பேச்சுக்குத்தான் குட்டிகள், ஒன்றரை வயது இருக்கும் என்றார் வழிகாட்டி. இரண்டு பெட்டைகளும் தாய் படுத்தபோது படுத்தன, எழுந்தபோது எழுந்தன. ஓர் ஆண் இருந்தது, கழுத்தில் பிடரிமயிர் அரும்பத் தொடங்கிய பயல். அது மட்டும் நின்றுகொண்டே பார்த்தது. பூனை பாய்வதற்கு முன் பின்புறத்தை இப்படியும் அப்படியும் அசைக்குமே, அச்சாக அதேபோல் அசைத்தது. இன்னும் தூரம் அதிகம் என்பது எனக்கே தெரிந்தது. பாய்ந்துவிட்டது.

ஒரு மான் கூர்மையாகக் கத்தியது. வெள்ளை வால்கள் எழும்பின. நான்கு எண்ணுவதற்குள் ஓடைக்கரையில் தூசு மட்டும் இருந்தது. பயல் ஓடையின் நடுவில் நின்று, மான்கள் போன திசையைப் பார்த்தது. பிறகு திரும்பித் தாயைப் பார்த்தது.

நானும் தாயைத்தான் பார்த்தேன். ஓர் அறை விழும், குறைந்தபட்சம் ஓர் உறுமலாவது வரும் என்று நினைத்தேன். தாய் எழுந்து முதுகை நெளித்தது, கொட்டாவி விட்டது, நிழலில் போய் உட்கார்ந்து முன்னங்காலை நக்கத் தொடங்கியது. "போன வாரமும் இவன்தான் கெடுத்தான்" என்று வழிகாட்டி இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

விலங்குகளைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் வரும் அந்தக் கனத்த குரலைக் கேட்டிருப்பீர்கள். 'தாய்ச் சிங்கம் தன் குட்டிகளுக்கு வேட்டைப் பாடம் நடத்துகிறது' என்று சொல்லும். இந்தச் சொற்றொடர்மேல் எனக்கு நெடுநாளாக ஒரு கடுப்பு. பாடம் நடத்துவது என்றால் ஏதாவது நடத்த வேண்டும் அல்லவா? நான் பார்த்தவரை அந்தத் தாய் எதையும் நடத்தவில்லை. குட்டி கெடுத்தது, தாய் நக்கிக்கொண்டது. இன்னொரு பக்கம் நம் ஊர்ப் பழமொழி தயாராக இருக்கிறது: மீன் குஞ்சுக்கு யாராவது நீந்தக் கற்றுக்கொடுப்பார்களா? சொல்ல நன்றாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டுவிட்டுத் தம் வழியே போய்விடும். அவற்றின் குஞ்சுக்குக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. சிங்கக் குட்டியோ இரண்டு வருடத்துக்கு மேல் தாயின் வாலைப் பிடித்துக்கொண்டே திரிகிறது. எல்லாம் பிறவியிலேயே வந்துவிட்டது என்றால் அந்த இரண்டு வருடம் எதற்கு?

பிறவியில் கொஞ்சம் வருகிறது என்பதில் சந்தேகம் இல்லை. 1956இல் கென்யாவில் பிறந்த எல்சா என்ற சிங்கத்தைப் பலரும் அறிவார்கள். வனவிலங்குக் காப்பாளர் ஜார்ஜ் ஆடம்சன் அதன் தாயைச் சுட்டுவிட நேர்ந்ததால் அவரும் மனைவி ஜாயும் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டி. வேட்டையாடும் இன்னொரு சிங்கத்தை அது அருகிலிருந்து பார்த்து வளரவில்லை. பின்னாளில் அதைக் காட்டுக்குப் பழக்கியபோது, ஆடம்சன் சுட்ட வாட்டர்பக் என்ற பெரிய மான் கீழே விழுவதற்குள் எல்சா பாய்ந்து அதன் தொண்டையைக் கவ்வி, மூச்சு அடங்கும்வரை விடாமல் தொங்கியது. எங்கே கடிக்க வேண்டும் என்று யாரும் அதற்குக் காட்டவில்லை. இந்தக் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் மீன் குஞ்சுப் பழமொழி வென்றுவிடும். ஆனால் அந்த மானைச் சுட்டுக் கொடுத்தவர் மனிதர். கடிக்க வேண்டிய இடம் தெரிந்திருந்தது. கடிக்கும் தூரத்துக்கு ஒரு மானைக் கொண்டுவரும் வித்தை தெரியவில்லை. எல்சா தன் காலில் நிற்கப் பல மாதங்கள் ஆயின, அதுவரை இறைச்சி மனிதர் கையிலிருந்துதான் வந்தது.

இதைச் சோதித்துப் பார்க்கச் சிங்கங்களை அடைத்து வளர்க்க முடியாது. பூனைகளை வளர்க்கலாம். சீன விஞ்ஞானி ஸிங்-யாங் குவோ 1930இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் வியப்பூட்டுகிறது. எலி பிடிக்கும் தாயோடு வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. எலி வேட்டையைக் கண்ணால் பார்க்காமல் தனியே வளர்ந்த 20இல் 9 கொன்றன. எலியையே கூண்டுத் தோழனாகக் கொண்டு வளர்ந்த 18இல் கொன்றவை 3 மட்டும். நடுவில் இருக்கும் அந்த 9ஐ நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். யாரும் காட்டாமலே ஏறக்குறைய பாதிக் குட்டிகளுக்கு வந்துவிட்டது. தாய் இருந்தால் அது இரட்டிப்பாகிறது. பிள்ளைப்பருவம் வேறு மாதிரி அமைந்தால் பிறவிக் குணமே ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று கேட்கிறோம். பூனைக்குப் பிறந்தது எலிக்குத் தோழனாகியிருக்கிறது.

அப்படியானால் விளையாட்டுத்தான் பயிற்சி என்று தோன்றும். சிங்கக் குட்டிகள் பெரியவற்றின் வால்நுனிக் கருங்குஞ்சத்தைப் பதுங்கிப் பிடிப்பதையும், ஒன்றன் கழுத்தை ஒன்று கவ்விப் புரள்வதையும் பார்த்தால் வேட்டை ஒத்திகை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் டிம் கேரோ என்ற ஆய்வாளர் 1980 வாக்கில் பூனைகளை வைத்துச் சோதித்தபோது, பொருள்களோடு விளையாட வாய்ப்புக் கிடைத்த குட்டிகளும் கிடைக்காத குட்டிகளும் வளர்ந்தபின் வேட்டையில் ஒரே மாதிரி இருந்தன. நூல்கண்டு உருட்டியதால் எந்த லாபமும் இல்லை. சிறு வயதில் தாய் அருகில் இருக்க உண்மையான இரையோடு பழகியவைதான் மேலே இருந்தன. சித்திரமும் கைப்பழக்கம்தான், ஆனால் காற்றில் விரலை ஆட்டிப் பழகினால் சித்திரம் வராது.

இந்த இடத்தில் எங்கள் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சாம்பல்நிறப் பூனை நான்கு குட்டிகள் போட்டிருந்தது. முதலில் செத்த பல்லியைக் கொண்டுவந்து போட்டது. ஓரிரு வாரம் கழித்து ஒரு மாலையில், தொண்டைக்குள்ளிருந்து வரும் கரகரப்பான ஒரு குரல் கேட்டது; வழக்கமாகக் கத்தும் குரல் அல்ல. துணி எடுக்கப் போன நான் எட்டிப் பார்த்தேன். வாயில் உயிருள்ள சுண்டெலி. குட்டிகளுக்கு நடுவில் அதை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. நான்கு குட்டிகளும் வட்டமாக நின்று எலியை முறைத்தன. ஒன்று கையால் தட்டியது. எலி பின்னங்காலில் எழுந்து சீறியது. தட்டிய குட்டி பயந்து தொட்டிமேல் ஏறிவிட்டது. எலி ஓடியபோதெல்லாம் தாய் ஒரே தாவலில் பிடித்து மறுபடி நடுவில் போட்டது. இது மூன்று முறை நடந்தது. கடைசியில் அம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டாள். எலி கழிவுநீர்க் குழாய்க்குள் தப்பியது. "எலியைப் பார்த்தால் பயப்படுகிற பிள்ளைகளைப் பெற்று வைத்திருக்கிறது" என்று பூனைக்குத்தான் திட்டு விழுந்தது.

அது பாடம். அதில் எனக்கு மறுப்பே இல்லை. பசித்திருக்கும் ஒரு தாய், பிடித்த இரையைத் தான் தின்னாமல், அது தப்பிவிடும் என்று தெரிந்தும் குட்டிகள் முன் விடுகிறது. கேரோவும் மார்க் ஹவுசரும் 1992இல் விலங்குகளிடையே கற்பித்தல் என்பதற்கு வகுத்த இலக்கணமும் இதுவே: கற்காத ஒன்றின் முன்னிலையில் மட்டும் தன் நடத்தையை மாற்றிக்கொள்ள வேண்டும், அதனால் தனக்கு நட்டம், அல்லது உடனடிப் பயன் இல்லாமல் இருக்க வேண்டும், கற்பது அதனால் விரைவாகவோ நன்றாகவோ கற்க வேண்டும். எதிரே நின்று செய்து காட்டினால் மட்டும் போதாது.

இந்தத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவை காலஹாரி பாலைவனத்து மீர்கேட்டுகள். நம் கீரிப்பிள்ளைக்கு உறவுக்கார விலங்கு. சின்னக் குட்டிக்குச் செத்த தேளைக் கொடுக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் கொடுக்கு நீக்கிய தேள். பிறகு முழுத் தேள். ஆய்வாளர்கள் அலெக்ஸ் தார்ன்டனும் கேத்தரின் மக்காலிஃபும் 2006இல் ஒரு வேலை செய்தார்கள். சின்னக் குட்டிகள் இருக்கும் கூட்டத்தில், பெரிய குட்டிகள் இரைக்குக் கெஞ்சும் குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். பெரியவை உயிருள்ள இரையைக் கூடுதலாகக் கொண்டுவரத் தொடங்கிவிட்டன. ஆக மாணவனின் திறமையை எடைபோட்டு அவை பாடத்தை மாற்றுவதில்லை. குரல் எந்த வயதைச் சொல்கிறதோ அந்த வயதுக்கான தேள் வருகிறது. கற்பிக்கப் பெரிய அறிவு தேவையில்லை என்று தெரிந்தபோது எனக்கு என் பள்ளிக்கூட நினைவுகள் சில வந்தன, அதை விட்டுவிடுகிறேன்.

பூனைக் குடும்பத்தின் பெரிய உருவங்களில் சிவிங்கிப்புலி இதைத் தெளிவாகச் செய்கிறது. தான்சானியாவின் செரங்கெட்டியில் கேரோ கவனித்த தாய்கள் முயலையும் இளம் கஸல் மானையும் உயிரோடு கொண்டுவந்து குட்டிகள் முன் விட்டன. இரை பலமுறை தப்பியது; மறுபடி தாய்தான் ஓட வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் ஒன்றரை வயதில் தாயைப் பிரியும்போது குட்டிகள் அரைகுறை வேட்டைக்காரர்களாகவே இருக்கின்றன.

சிங்கத்திடம் இந்த ஒழுங்கு இல்லை. எப்போதாவது ஒரு தாய் குட்டிகளைக் கொல்ல விட்டதாகக் களக்குறிப்புகள் உண்டு. செத்தது, பாதி உயிருள்ளது, முழு உயிருள்ளது என்று படிப்படியாக வரும் பாடத்திட்டம் இல்லை. ஏன் என்று யோசித்தால் எனக்கு ஒரு விடைதான் தோன்றுகிறது. சிவிங்கிப்புலி தனி ஆள். குட்டி பிரிந்த மறுநாளே அதன் சோறு அதன் பாடு. சிங்கத்துக்குக் கூட்டம் இருக்கிறது. அங்கே கற்காதவனுக்கும் பந்தியில் இடம் உண்டு.

சிங்கத்தின் காலக்கணக்கைப் பாருங்கள். சுமார் 110 நாள் கர்ப்பம். கண் திறக்காமல் பிறக்கும் குட்டியை ஆறு முதல் எட்டு வாரம் புதரில் ஒளித்து வைத்துவிட்டுப் பிறகுதான் தாய் கூட்டத்துக்குக் கூட்டிவருகிறது. மூன்று மாதத்தில் இறைச்சி ருசி தெரிகிறது. பால் மறப்பது ஆறேழு மாதத்தில். ஏறத்தாழ ஒரு வயதில்தான் வேட்டைக்குப் பின்னால் நடந்துவருகிறது. பாற்பல் விழுந்து கோரைப்பல் முழுதாக வரவும் ஒரு வயது தாண்டிவிடும். கழுத்தை நெரிக்கப் பல்லே இல்லாதவனுக்கு நெரிக்கும் பாடம் எதற்கு? இரண்டு வயதில் ஏதோ சமாளிக்கும். அதுவரை தின்றதெல்லாம் பிறர் உழைப்பு.

இதைக் கருணை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பஞ்ச காலத்தில் இரைமேல் பெரியவை குட்டிகளை அறைந்து தள்ளும். தாய் தன் பங்கைத் தின்றபின் மிச்சமிருந்தால்தான் பிள்ளைக்கு. செரங்கெட்டியில் பாதிக்கும் மேற்பட்ட குட்டிகள் இரண்டு வயதை எட்டாமலே சாகின்றன, பட்டினியும் அதற்கு ஒரு காரணம். ஆனால் எட்டியவை எல்லாம் எதைப் பெற்றன என்றால், தப்புச் செய்ய நேரத்தைப் பெற்றன.

என் பெரிய மாமா தையல்காரர். பன்னிரண்டு வயதில் ஒரு மாஸ்டரின் கடையில் காஜா எடுக்கும் பையனாகச் சேர்ந்தார். காஜா எடுப்பது, பொத்தான் தைப்பது, இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போடுவது, டீ வாங்கி வருவது. மாஸ்டர் துணி வெட்டும்போது அருகில் நிற்கலாம். கேள்வி கேட்கக் கூடாது. மாஸ்டர் எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்று மாமாவிடம் ஒருமுறை கேட்டேன். "அவர் எங்கே கற்றுக்கொடுத்தார்? கடையில் இருக்க விட்டார்" என்றார். நாலாம் வருடத்தில் ஒரு நாள், மாஸ்டர் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு வாடிக்கையாளரின் சட்டைத் துணியை மாமாவே வெட்டிவிட்டார். முன்துண்டு இரண்டும் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டன. மாஸ்டர் திரும்பி வந்து துணியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போய் அதே நிறத்தில் துணி வாங்கி வந்து வெட்ட உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்டுப்போன துணி மாமாவின் கைக்கு வந்தது. அதில் ஒரு வாரம் வெட்டிப் பழகினார்.

கிர் காட்டில் அந்தத் தாய் கொட்டாவி விட்டபோது எனக்கு அந்த மாஸ்டரின் ஞாபகம்தான் வந்தது. இரண்டு பேருமே ஆசிரியர் இல்லை. கற்பவனின் தவறுக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு இடத்திலும் மற்றவர் கட்டினார்.

சிங்கங்கள் ஆடும் வேட்டையிலும் வெட்டும் கை, தைக்கும் கை என்று வேலை பிரிகிறது. நமீபியாவின் எட்டோஷா சமவெளியில் ஆய்வாளர் ஃபிலிப் ஸ்டாண்டர் 486 வேட்டைகளைக் கவனித்து 1992இல் எழுதினார். சில பெண் சிங்கங்கள் எப்போதும் பக்கவாட்டில் சுற்றிப்போய் இரையை விரட்டும். சில எப்போதும் நடுவில் பதுங்கிக் காத்திருக்கும். அவரவர் வழக்கமான இடத்தில் நின்றபோது வெற்றி கூடியது. ஆள் குறைந்தால் இடம் மாறவும் செய்தன. 'நீ இடது பக்கம்' என்று எழுதிய ஏதோ ஒன்று இரத்தத்திலேயே ஓடுகிறது என்று நான் நம்பத் தயாராக இல்லை. அதே சமயம் யாரும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கவும் முடியாது. கூடவே போய், சொதப்பி, எங்கே நின்றால் வாயில் ஏதாவது விழுகிறது என்று கண்டுகொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

போட்ஸ்வானாவின் சவூட்டியில் 1993 முதல் 1996 வரை சிங்கங்கள் 74 யானைகளைக் கொன்றன. எல்லா ஊர்ச் சிங்கத்துக்கும் இந்தத் துணிச்சல் கிடையாது; இரவில் கூட்டமாகப் போய், இளம் யானைகளைக் குறிவைக்கும் ஓர் ஊர்ப் பழக்கம் அது. ஊர்ப் பழக்கம் என்றால் பார்த்துப் பழகுவது என்று முடித்துவிடலாம்தான். ஆனால் நமீபியாவின் எலும்புக்கூட்டுக் கடற்கரை அந்த முடிவைக் கொஞ்சம் கலைக்கிறது. 1980களில் அங்கே சிங்கங்கள் கடல்நாய்களையும் கடற்பறவைகளையும் தின்று வாழ்ந்தன. பிறகு அந்தச் சிங்கங்கள் அழிந்தன, பழக்கமும் அவற்றோடு போயிற்று. பல வருடம் கழித்துப் பாலைவனச் சிங்கங்கள் மெல்லக் கடற்கரைக்குத் திரும்பின. 2017 வாக்கில் மூன்று இளம் பெண் சிங்கங்கள் நீர்க்காகம், பூநாரை என்று தொடங்கி, பிறகு கடல்நாய் வேட்டைக்கு வந்து சேர்ந்தன. இதையும் பதிவுசெய்தவர் ஸ்டாண்டர்தான். கடல்நாயை எப்படிப் பிடிப்பது என்று காட்ட அங்கே ஒரு கிழச் சிங்கமும் இல்லை. பசியும் நேரமும் இளமையும் இருந்தன.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1960களின் இறுதியில் செரங்கெட்டியில் மூன்று வருடம் சிங்கங்களின் பின்னால் திரிந்த ஆய்வாளர் ஜார்ஜ் ஷாலர் கண்டது: காற்றுக்கு எதிராகப் போனால், அதாவது இரைக்குத் தன் வாடை போகாமல் நெருங்கினால், வெற்றி கூடுகிறது, ஆனால் சிங்கங்கள் காற்றின் திசையைக் கவனிப்பதே இல்லை. தலைமுறை தலைமுறையாக, வாழ்நாள் முழுக்க, வாரத்துக்குப் பலமுறை வேட்டையாடியும் அந்த ஒன்றைக் கற்கவில்லை. நம் ஊரில் வலை போட்டு முயல் பிடிக்கிறவர் முதல் நாளே கவனிக்கும் சங்கதி. பயிற்சி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் எப்போதாவது ஆர்வக்கோளாறில் பேசத் தொடங்கினால் இதை நினைத்து வாயை மூடிக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் வேறு தடத்தில் போனோம். கிர் காட்டின் டிராக்கர்கள் கையில் ஒரு கம்பை மட்டும் வைத்துக்கொண்டு சிங்கத்தின் பின்னால் நடப்பவர்கள். ஒருவர் கையசைத்து எங்கள் ஜீப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி 'சாவஜ்' என்றார். அவர்கள் ஊரில் சிங்கத்துக்கு அதுதான் பெயர். புதருக்குப் பின்னால் அதே குடும்பம். இரவில் நீல்காய் என்ற பெரிய மான் ஒன்றை அடித்திருந்தன. விலாவெலும்பு வெளுத்துத் தெரிந்தது. இரண்டு பெட்டைகளும் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. நம் பயல் சற்றுத் தள்ளி மல்லாந்து படுத்திருந்தது. நான்கு காலும் வானத்தைப் பார்த்தபடி, வயிறு மத்தளம்போல் உப்பி, தாடையில் இரத்தம் காய்ந்து.

"இவன் பிடித்ததா?" என்று கேட்டேன்.

டிராக்கர் கம்பை நீட்டி, மரத்தடியில் விழித்திருந்த தாயைக் காட்டினார். அதன் முன்தோளில் புதிதாக ஒரு கீறல். பயலின் மூக்கில் ஈ உட்கார்ந்தது. கண்ணைத் திறக்காமலே அதைக் கையால் தட்டப் பார்த்தது, தவறிவிட்டது.